ஜப்பானியப் பாடநூல் உரையாடலை வாய்க்குப் பழக்குவது எப்படி

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-ஐ நல்ல மதிப்பெண்ணுடன் கடந்தவர்கூட, ஒரு ஜப்பானியர் எதிரில் நின்று எந்த ஊர் என்று கேட்டால் வாயடைத்து நிற்பதுண்டு. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தேர்வு சொல்வளம், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவற்றை மட்டுமே சோதிக்கிறது; என்5 முதல் என்1 வரை எந்த நிலையிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. தேர்வில் இல்லாததை வகுப்பும் விரைந்து கடந்துவிடும். ஒவ்வொரு பாடத்திலும் 'கைவ' என்ற பெயரில் எட்டுப் பத்து வரிகளில் ஓர் உரையாடல் இருக்கும். ஆசிரியர் ஒலிப்பதிவை ஒருமுறை போட்டுக் காட்டுவார், மாணவர் இருவர் எழுந்து வாசிப்பார்கள், அத்துடன் அடுத்த பாடத்தின் வினைவடிவங்கள் கரும்பலகைக்கு வந்துவிடும். அந்த எட்டுப் பத்து வரிகளை ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்பதே இங்கே சொல்லப்படுவது.

எந்தப் புத்தகம் என்பது பெரிய கேள்வி அல்ல. நம் ஊர் வகுப்புகள் பலவற்றில் 'மின்னா நொ நிஹொங்கொ' இருக்கும். அதன் முதல் தொகுதியில் 25 பாடங்கள், பாடத்துக்கு ஓர் உரையாடல். பணம் செலவழிக்க விரும்பாதவர் ஜப்பான் ஃபவுண்டேஷன் இணையத்தில் இலவசமாகத் தரும் 'இரொதொரி' பாடநூலை ஒலிக்கோப்புகளுடன் இறக்கிக்கொள்ளலாம். ஜப்பானில் வேலைக்குச் சென்று வாழ்வோரை எண்ணி எழுதப்பட்டதாதலால் அதன் உரையாடல்கள் கடை, அலுவலகம், குடியிருப்பு என்று நடைமுறையை ஒட்டியே செல்கின்றன. ஒலிப்பதிவு இல்லாத உரையாடலை மட்டும் தொட வேண்டாம்.

முதலில் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். நமக்குக் கிடைக்கும் ஜப்பானியப் பாடநூல்களின் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தைத் தமிழாக்கி, மறுமொழியையும் அதே சுற்றுவழியில் திருப்பிக் கொண்டுவரும் பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. பேச்சில் அதற்கு நேரம் கிடையாது. அந்தச் சுற்றுவழி தேவையும் இல்லை. வினை கடைசியில் வருவது, பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவது, வாக்கிய முடிவில் ஒரு 'க' சேர்த்தால் நமது ஆகார வினாவைப் போலக் கேள்வியாவது, 'உம்' வரும் இடத்தில் 'மொ' வருவது என அடிப்படைக் கட்டு முழுவதும் நமக்குப் பழகியது. ஆங்கிலம் வழியாகக் கற்பவர் திணறுகிற துணைவினைகள்கூட நமக்கு எளிதாகவே கைகூடும்: 'தபெதெ மிமஸ்' என்றால் 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்', அதில் 'மிமஸ்' என்பது கண்ணால் பார்க்கும் அதே பார்த்தல்தான், 'கத்தெ ஒகிமஸ்' என்றால் 'வாங்கி வைக்கிறேன்', 'ஒகிமஸ்' என்பது பொருளை ஓரிடத்தில் வைக்கும் அதே வைத்தல்தான். இந்த ஒற்றுமையை மொழிக்குடும்ப உறவாகவே கண்டவர் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரையாடலின் ஒவ்வொரு வரிக்கும் அருகில் நேர்த் தமிழில், கூடியவரை அதே சொல் வரிசையில், ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இலக்கணத்துக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் பாதி இதனால் மிச்சமாகும். அந்த மிச்சத்தை வாய்க்கும் காதுக்கும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நாம் தடுக்கி விழும் இடங்கள் அங்கேதான் இருக்கின்றன.

பொருளைத் தமிழில் எழுதலாம். ஒலியைத் தமிழில் எழுதக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு ஒலியைத் தமிழில் எழுதிக் கொண்டிருப்பது நகைப்புக்குரியதுதான், ஆனால் இதைப் படிப்பவர் எல்லோரும் ஜப்பானியரின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிரகனாவை அறிந்திருக்க மாட்டார்கள். 'ககி' என்று எழுதினால் சாவியா, கனியா என்று தெரியாது. இரண்டாவது ககரம் அதிர்ந்தால் சாவி, அதிராவிட்டால் சீமைப் பனிச்சை எனப்படும் பழம். 'தைககு' என்பதன் முதல் எழுத்து அதிர்ந்தால் பல்கலைக்கழகம், அதிராவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டுவிடுதல் (முதல் ககரம் இரண்டிலும் அதிரும்). மேலும், உயிர்களுக்கு நடுவில் வரும் வல்லெழுத்தைத் தமிழ் நாக்கு தானாகவே மென்மையாக்கிவிடும். 'நான்' என்று பொருள்படும் 'வதஷி'யில் தகரத்தை நாம் 'வதம்' என்ற சொல்லில் ஒலிப்பதுபோல ஒலித்துவிடுகிறோம், ஜப்பானியர் காதுக்கு அது வேறு எழுத்து. ஆகவே ஹிரகனாவின் 46 அடிப்படை எழுத்துகளை இரண்டு வாரத்தில் கற்றுவிட்டு உரையாடலுக்கு வருவது நல்லது. அதுவரை, இங்கே வரும் வல்லெழுத்துகளைச் சொல்லின் எந்த இடத்தில் இருந்தாலும் 'கல்', 'தலை', 'பல்' ஆகியவற்றின் முதலெழுத்தைப் போலவே ஒலியுங்கள். 'தெஸ்', 'குதசை' ஆகிய இரண்டில் மட்டும் தகரம் 'தேவி' என்பதில் போல அதிரும், மேலே வந்த 'தபெதெ'யில் பகரம் அதிரும், ஏனையவற்றை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

இனி ஒரு சிறு உரையாடல். பழக்கடையில் ஒருவர் விலை கேட்கிறார்.

வாங்குபவர்: சுமிமசென். சொரெ வ இகுர தெஸ் க.
கடைக்காரர்: கொரெ தெஸ் க. சம்ப்யகு என் தெஸ்.
வாங்குபவர்: ஜா, சொரெ ஒ ஃபுதத்சு குதசை.
கடைக்காரர்: ஹை. ரொப்ப்யகு என் தெஸ்.

பொருள்: மன்னிக்கவும், அது எவ்வளவு? இதுவா? 300 யென். சரி, அதை இரண்டு கொடுங்கள். ஆகட்டும், 600 யென். 'சம்ப்யகு' என்பதில் பகரம் அதிரும்.

முதல் நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒலிப்பதிவை மட்டும் நான்கைந்து முறை கேளுங்கள். யார் கேட்கிறார், யார் தருகிறார், எங்கே எண் வருகிறது என்று ஊகிப்பது போதும். பிறகு புத்தகத்தைத் திறந்து, ஊகம் எங்கே தவறியது என்று பாருங்கள். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் வாசித்துவிடுகிறார்கள்; வாசித்துவிட்ட வரியைக் காது அதன்பின் உண்மையாகக் கேட்பதில்லை, கண் கண்டதையே கேட்டதாக எண்ணிக்கொள்கிறது.

அடுத்து வரிகளை வாய்க்குக் கொண்டுவருவது. நீண்ட வரியை முன்னிருந்து தொடங்கினால் முடிவில் மூச்சும் நினைவும் ஒருசேரத் தீர்ந்து, மிக முக்கியமான வினைச்சொல் மழுங்கிவிடும். எனவே பின்னிருந்து கட்டுங்கள்: 'குதசை', 'ஃபுதத்சு குதசை', 'சொரெ ஒ ஃபுதத்சு குதசை', 'ஜா, சொரெ ஒ ஃபுதத்சு குதசை'. ஒவ்வொரு முறையும் முடிவு ஒன்றே, தொடக்கம் மட்டும் வளர்கிறது. வினை இறுதியில் வரும் மொழிக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியாது. வரிகள் இவ்வாறு பழகிய பிறகு ஒலிப்பதிவோடு சேர்ந்து ஒரே குரலாகச் சொல்லுங்கள். அதன் பின்னரே, ஒலிப்பதிவுக்கு அரை நொடி பின்னால் நிழல்போலத் தொடர்ந்து சொல்லும் பயிற்சி. நிழல்பயிற்சியை முதல் நாளே தொடங்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. தொடக்கநிலையில் உள்ளவருக்கு அதனால் முணுமுணுப்புதான் மிஞ்சும்.

கால அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழ் நமக்குப் பாதி உதவி, பாதி இடறுகிற இடம் இது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது ஜப்பானியத்துக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி என்ற வேறுபாடு ஆங்கிலம் பேசுவோரைக் குழப்புவதுபோல நம்மைக் குழப்புவதில்லை (இரண்டிலும் பகரம் அதிரும்). ஆனால் தொல்காப்பியம் மெய்க்கு அரை மாத்திரையே கொடுக்கிறது, ஜப்பானியமோ ஒற்றுக்கும் சொல்லிறுதி னகரத்துக்கும் முழு மாத்திரை கொடுக்கிறது. 'நிப்பொன்' நம் கணக்கில் மூன்று, அவர்கள் கணக்கில் நான்கு: நி, ப், பொ, ன். 'கிதெ' என்றால் 'வந்து', 'கித்தெ' என்றால் அஞ்சல் தலை. நடுவிலுள்ள அந்த ஒற்றில் ஒரு தாளம் முழுவதும் நின்று செல்ல வேண்டும். இன்னொன்று ஐகாரக் குறுக்கம். சொல்லின் இறுதி ஐகாரத்தைக் குறுக்கிச் சொல்வது நம் இயல்பு; 'ஹை' என்பது ஹ, இ என்று இரண்டு தாளம், 'குதசை' என்பது கு, த, ச, இ என்று நான்கு தாளம், இவற்றைக் குறுக்கினால் சொல் பாதியில் அறுந்ததுபோல ஒலிக்கும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே ஒவ்வொரு வரியையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தாளம் போட்டுப் பழகிய சங்கீத மாணவர்களுக்கு இது விளையாட்டாக இருக்கும்.

சுரத்தின் ஏற்ற இறக்கமும் உண்டு: தோக்கியோ வழக்கில் 'ஹஷி' முதலெழுத்தில் உயர்ந்து தொடங்கினால் உணவுக் குச்சி, தாழ்ந்து தொடங்கி உயர்ந்தால் பாலம். தொடக்கத்தில் இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; வாயை மூடிக்கொண்டு வரியின் மெட்டை மட்டும் முனகிப் பார்த்து, பிறகு சொற்களை அதில் ஏற்றினால் போதும்.

இப்போது கடை உரையாடலின் முதல் இரண்டு வரிகளை மீண்டும் பாருங்கள். வாங்குபவர் 'சொரெ' என்கிறார், அதே பழத்தைக் கடைக்காரர் 'கொரெ' என்கிறார். பேசுபவர் அருகில் இருப்பது கொரெ, கேட்பவர் அருகில் இருப்பது சொரெ, இருவருக்கும் தொலைவில் இருப்பது அரெ, எது என்ற வினா தொரெ (தகரம் அதிரும்). இதைச் சென்னைக்காரருக்கு விளக்க நேரமாகும்; யாழ்ப்பாணத்தவருக்கு 'இது, உது, அது, எது' என்று சொன்னால் போதும். தமிழகப் பேச்சில் மறைந்துபோன உகரச் சுட்டு இலங்கைத் தமிழில் இன்றும் வழங்குவதால், அவர்கள் இந்தப் பாடத்தில் நம்மைவிட ஒரு படி முன்னால் தொடங்குகிறார்கள். ஏனையோர் வெறும் வாயால் பழகாமல், மேசையில் மூன்று பொருள்களை வைத்து, ஒன்று உங்கள் கையருகே, ஒன்று எதிரில் இருப்பவர் கையருகே, ஒன்று அறையின் மூலையில் என்று அமைத்து, கையை நீட்டிச் சொல்லிப் பழக வேண்டும். இருவரும் இடம் மாறி அமர்ந்தால் சொற்களும் மாறும்.

மூன்றாம் நாள் ஒரு பாத்திரத்தை உங்களுடையதாக்கிக் கொள்ளுங்கள். ஒலிப்பதிவில் கடைக்காரர் பேசியதும் நிறுத்தி, புத்தகத்தைப் பாராமல் வாங்குபவராக மறுமொழி கூறுங்கள், மறுநாள் கடைக்காரராக. இரு பக்கமும் தடங்கலின்றி வந்த பிறகு, உரையாடலை உடைக்கத் தொடங்க வேண்டும், இது தவிர்க்கக் கூடாத படி. பழத்தை மாற்றுங்கள், எண்ணிக்கையை மாற்றுங்கள், சொரெயை அரெ ஆக்குங்கள், கடைக்காரர் 'சுமிமசென், அரிமசென்' என்று இல்லை என்று சொல்லட்டும். மனப்பாடம் செய்த உரையாடல் ஒரு சொல் மாறியதும் சரிந்துவிடும்; பத்து முறை உடைத்துக் கட்டியது சரியாது.

உடைக்கும்போது எண்களில் ஏமாறுவோம். 'ஹ்யகு' என்ற நூறு 300-இல் 'ப்யகு' என்று அதிர்ந்தும், 600, 800 இரண்டிலும் ஒற்று இரட்டித்து 'ரொப்ப்யகு', 'ஹப்ப்யகு' என்றும் திரிகிறது. புணர்ச்சி விதி படித்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றக் கூடாது. பத்தாயிரத்துக்கு 'மன்' என்று தனி அலகு இருப்பதுதான் கடினம். ஐம்பதாயிரத்தை ஐந்து மன் என்றும், ஒரு லட்சத்தைப் பத்து மன் என்றும் எண்ண வேண்டும். வாடகை, சம்பளம் எல்லாம் அந்த அளவிலேயே வருவதால், கடைக்காட்சியை வீடு பார்க்கும் காட்சியாக மாற்றியும் ஓரிரு முறை பழகுங்கள்.

இன்னொரு வகை உரையாடல் இருக்கிறது. அதில் சொற்கள் எளியவை, சொல்லாமல் விடுவதுதான் பாடம்.

தனக: குமார்-சன், தொயோபி னி இஷ்ஷொ னி ஷொகுஜி ஷிமசென் க.
குமார்: தொயோபி தெஸ் க. தொயோபி வ ச்சொத்தொ...
தனக: அ, சோ தெஸ் க. ஜா, மத கொந்தொ.

சனிக்கிழமை சேர்ந்து சாப்பிடலாமா என்று தனக அழைக்கிறார் ('தொயோபி'யில் தகரமும் பகரமும், 'கொந்தொ'வில் தகரமும் அதிரும்). குமார் 'சனிக்கிழமை கொஞ்சம்...' என்று இழுத்து நிறுத்துகிறார். மறுப்பு அவ்வளவுதான். நம் ஊரில் காரணம் சொல்லாமல் மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும், ஆகவே மாணவர்கள் இந்த இடத்தில் அக்காள் வீட்டுக் காதுகுத்து வரைக்கும் விவரிக்க முனைகிறார்கள். ஜப்பானியத்தில் அந்த இழுப்பே காரணத்தின் இடத்தை நிரப்பிவிடுகிறது. தனகவும் மேலே துருவாமல் 'சரி, இன்னொரு முறை' என்று விலகிக்கொள்கிறார். ஆகவே 'ச்சொத்தொ' என்ற சொல்லைவிட, அதன் பின் வரும் மௌனத்தைப் பழகுவதே இந்த உரையாடலின் பயிற்சி. 'சோ தெஸ் க' என்பதை இறங்கும் குரலில் சொன்னால் 'அப்படியா, சரி' என்று ஏற்பது. ஏறும் குரலில் சொன்னால் 'அப்படியா?' என்று ஐயுற்றுக் கேட்பது. புத்தகத்தில் இரண்டும் ஒரே எழுத்து, ஒலிப்பதிவில்தான் வேறுபாடு.

தனக, குமாரை 'நீங்கள்' என்ற பொருளுள்ள 'அனத' என்று அழைக்காமல் பெயருடன் 'சன்' சேர்த்து அழைப்பதையும் கவனியுங்கள். நாமும் மூத்தவரிடம் நேராக 'நீங்கள்' என்பதைவிட 'சார் வருகிறீர்களா', 'அண்ணன் சாப்பிட்டாச்சா' என்று பேசுகிறவர்கள்தாமே. அந்த இயல்பை இங்கே கொண்டுவந்தால் போதும். தன் பெயருடன் மட்டும் 'சன்' சேர்க்கக் கூடாது.

பாடநூல் உரையாடலில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் சிலையாக நிற்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் ஜப்பானியர் கேட்டுக்கொண்டிருக்கும்போது 'ஹை', 'ஏ' என்று இடையிடையே உம் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு 'ஐசுச்சி' என்று பெயர். கொல்லுப் பட்டறையில் ஆசானும் உதவியாளும் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்த சொல் அது. பாட்டி கதை சொல்லும்போது நாம் 'உம்' கொட்டியதும் இதே வேலைதான். எனவே எதிராளியின் நீண்ட வரிகளைப் புத்தகத்தில் பென்சிலால் துண்டாக்கி, துண்டுக்கு ஓர் 'ஏ' எழுதிச் சேர்த்துப் பழகுங்கள். இந்த 'ஹை' உடன்பாட்டைக் குறிப்பதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைக் குறிக்கிறது. வேலை பேசும்போது இதை ஒப்புதல் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு.

தமிழ்வழி சிந்திப்பதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. 'சென்னையில் இருக்கிறேன்', 'சென்னையில் வேலை செய்கிறேன்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இல்'. ஜப்பானியத்தில் இருப்பதற்கு 'னி', செயல் நடப்பதற்கு 'தெ' (தகரம் அதிரும்). 'இருக்கிறது' என்பதும் உயிருள்ளதற்கு 'இமஸ்', உயிரற்றதற்கு 'அரிமஸ்' என்று பிரியும். நீங்கள் எழுதிய தமிழ் வரிகளில் 'இல்', 'இரு' வரும் இடங்களை மட்டும் சிவப்பு மையால் குறித்துவைத்தால், பிழை பிறக்கும் இடங்கள் பெரும்பாலும் அங்கேயே சிக்கிவிடும்.

பயிற்சிக்குத் துணை கிடைக்காதவர் கைப்பேசியில் ஒரு பாத்திரத்தின் வரிகளைத் தாமே பதிவு செய்து, நடுவில் இரண்டு நொடி இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்குள் மறுமொழி சொல்லிப் பழகலாம். துணை தொலைவில் இருந்தால் வாட்ஸ்அப் குரல்செய்தியாக ஒரு வரி அனுப்ப, அவர் மறுவரி அனுப்பட்டும். திருத்தி எழுத வழியில்லாததால் இது எழுத்துச் செய்தியைவிட நூறு மடங்கு பயன் தரும். வாரக் கடைசியில் உங்கள் பதிவையும் புத்தகத்தின் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் சில முறை தன் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாடநூலில் யாருக்கும் எதுவும் காதில் விழாமல் போவதில்லை. தெருவில் பாதி விழாது. ஆகவே ஒவ்வொரு உரையாடலிலும் உங்கள் கையால் இரண்டு வரிகளைச் செருகிவிடுங்கள்: 'மோ இச்சிதொ ஒனெகை ஷிமஸ்', அதாவது இன்னொரு முறை சொல்லுங்கள் ('இச்சிதொ'வில் தகரமும் 'ஒனெகை'யில் ககரமும் அதிரும்), 'யுக்குரி ஒனெகை ஷிமஸ்', அதாவது மெதுவாகச் சொல்லுங்கள். துணையாக இருப்பவர் கடைக்காரரின் விலையை வேண்டுமென்றே வேகமாகவோ முணுமுணுத்தோ சொல்லட்டும், அதுவும் நீங்கள் எதிர்பாராத வரியில். அப்போது தமிழிலோ ஆங்கிலத்திலோ 'என்ன?' என்று வாய் தவறாமல் 'மோ இச்சிதொ' என்று வந்துவிட்டால், அடுத்த பாடத்தின் உரையாடலைத் திறக்கலாம்.